இல்லாத மனிதனுக்கு ஒரு பரிசு

தம்பி,

உரியவன் ஓரத்தில் நிற்க, மாலை வேறொருவன் கழுத்தில் விழுந்தால் ஊர் சிரிக்கும். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் இரவு உலகமே அவ்விதம் சிரித்தது. அமெரிக்க நாட்டு ஆஸ்கார் விழா. ஆண்டின் சிறந்த படம் எதுவென அறிவிக்க வேண்டிய நேரம். மேடைக்கு வந்த வாரன் பீட்டியின் கையிலே மாற்று உறையைக் கொடுத்துவிட்டனர். உடன் வந்த ஃபே டனவே அம்மையார் 'லா லா லேண்ட்' என்று படித்தார். படக் குழுவினர் மேடையேறினர், பரிசைப் பெற்றனர், நன்றி நவின்றனர். அதற்குள்ளே உண்மை ஓடோடி வந்தது. பரிசு 'மூன்லைட்' படத்துக்கு உரியது! அதை அறிவித்தவர் யார் தெரியுமா? பரிசைக் கையில் வைத்திருந்த 'லா லா லேண்ட்' தயாரிப்பாளரே! உரிய சீட்டை உயர்த்திக் காட்டி, உரியவரை அழைத்து, பரிசை அவர்களிடம் ஒப்படைத்தார்.

பிழை நேர்ந்தது, சில நிமிடங்களில் திருத்தப்பட்டது. சிரித்தோம், மறந்தோம்.

ஆனால் தம்பி, அதே ஆஸ்கார் மேடையில் வேறு சில பிழைகள் நடந்தன. ஒன்றைத் திருத்த 18 ஆண்டுகள் ஆயின. மற்றொன்றுக்கு 27 ஆண்டுகள். இன்னொன்றுக்கு 39 ஆண்டுகள்! அங்கே உறை மாறவில்லை; கண் பிசகவில்லை; கணக்குத் தவறவில்லை. தெரிந்தே செய்தனர். அச்சம் ஆணையிட்டது, கைகள் அதன்படி நடந்தன. அந்தக் கதையைத்தான் இந்த ஞாயிறன்று உன்னிடம் சொல்லப் போகிறேன். கலைக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் நல்லவர்கள் உன் பக்கத்திலே இருப்பின், அவர்களுக்கும் படித்துக் காட்டு.

1957-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள். ஹாலிவுட் நகரத்துப் பான்டேஜஸ் அரங்கம். வைரம் மின்னுகிறது, பட்டு சலசலக்கிறது. சிறந்த திரைக்கதைக் கருவுக்கான பரிசு அறிவிக்கப்படுகிறது. போட்டியிலே இருந்தவர்கள் சாமான்யர்களா? பிரெஞ்சு நாட்டுத் தத்துவப் பேரறிஞர் ழான் பால் சார்த்தர் ஒருவர். இத்தாலியின் 'உம்பர்ட்டோ டி' படத்தைப் படைத்த சவாத்தினி மற்றொருவர். இவர்களை வென்று பரிசைத் தட்டிச் சென்றவர், 'தி பிரேவ் ஒன்' படத்தின் கதாசிரியர், ராபர்ட் ரிச்!

கைதட்டல் எழுந்தது. ராபர்ட் ரிச் எழவில்லை. அவருக்குப் பதிலாக, எழுத்தாளர் சங்கத்தின் பொறுப்பாளர் ஜெஸ்ஸி லாஸ்கி மேடையேறினார். நண்பரின் துணைவிக்குப் பேறுகாலம், அதனால் அவர் வர இயலவில்லை என்று கூறிப் பரிசைப் பெற்றுக்கொண்டார். அவையோர் உருகினர். பொழுது விடிந்ததும் சங்கத்தின் ஏடுகளைப் புரட்டினர். ராபர்ட் ரிச் என்றோர் உறுப்பினர் இல்லை! யாரும் அந்த எழுத்தாளரைப் பார்த்ததில்லை. பரிசு இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஆளைக் காணோம்!

ஆள் எங்கே போவார்? இருந்தார், தம்பி, வீட்டிலே இருந்தார். எழுதிக்கொண்டிருந்தார். வெளியே வரத்தான் வழியில்லை. அவர் பெயர் டால்ட்டன் ட்ரம்போ.

யார் இந்த ட்ரம்போ? வறுமை காரணமாகக் கல்லூரியைப் பாதியில் விட்டவர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ரொட்டி ஆலையிலே ஆண்டுக்கணக்கில் இரவு வேலை பார்த்து, கிடைத்த நேரத்தில் கதை எழுதியவர். 1939-இல் போரின் கொடுமையைக் காட்டும் 'ஜானி காட் ஹிஸ் கன்' என்ற நாவலால் புகழ் பெற்றவர். பிறகு ஹாலிவுட்டில் மிக உயர்ந்த ஊதியம் பெற்ற எழுத்தாளர்களுள் ஒருவராக விளங்கியவர். 1940-களில் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினரானவர். அதுவும் உண்மை, மறைப்பானேன்? அந்தக் கட்சியின் கொள்கை சரியா தவறா என்பது வேறு வழக்கு. அதை நான் இங்கே வாதாட வரவில்லை.

1947-ஆம் ஆண்டு அக்டோபர். அமெரிக்கப் பண்புக்கு மாறான செயல்களை ஆராய்வதென்று நாடாளுமன்றத்தினர் அமைத்திருந்த குழு, திரையுலகத்தினரை வாஷிங்டனுக்கு அழைத்தது. கூண்டிலே நிறுத்தியது. கேள்வி ஒன்றே ஒன்று:

"நீர் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா? எப்போதேனும் இருந்ததுண்டா?"

'ஆம்' என்றால் அடுத்த கேள்வி: உம்முடன் இருந்தவர் யார் யார்? பெயர்களைச் சொல்லும்! 'இல்லை' என்றால் பொய்ச் சாட்சி வழக்கு. பத்துப் பேர் மூன்றாவது வழியை எடுத்தனர். 'கருத்துச் சுதந்தரம் தரும் அரசியல் சட்டத்தின்படி, இப்படிக் கேட்கவே உமக்கு உரிமையில்லை' என்றனர். நாடாளுமன்ற அவமதிப்பு என்று வழக்கு. அந்த நவம்பர் மாதமே, நியூயார்க் நகரத்து வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலிலே படமுதலாளிகள் கூடினர். பத்துப் பேருக்கும் இனி வேலையில்லை; தெரிந்து எந்தக் கம்யூனிஸ்டுக்கும் வேலை தருவதில்லை என்று அறிக்கை விடுத்தனர். 1950-இல் பத்துப் பேரும் சிறை புகுந்தனர்.

இங்கே ஒரு வேடிக்கை கேள், தம்பி. பத்துப் பேரில் இருவர், லெஸ்டர் கோலும் ரிங் லார்ட்னர் இளையவரும், டான்பரிச் சிறையில் அடைக்கப்பட்டனர். உள்ளே போனால், அங்கே ஒரு பழைய முகம்! 1947-இல் அவர்களை விசாரித்த குழுவின் தலைவர், பார்னெல் தாமஸ்! தாய்நாட்டைக் காக்கப் புறப்பட்ட அந்தத் தலைவர், தம் அலுவலகச் சம்பளப் பட்டியலில் வேலை செய்யாதவர் பெயர்களை ஏற்றி, அந்தப் பணத்தைத் தாம் விழுங்கிய குற்றத்துக்காக உள்ளே இருந்தார். வேலை செய்யாதவர் பெயருக்குச் சம்பளம் போட்ட கைதான், வேலை செய்தவர் பெயருக்குத் தடை போட்டது! நாடகத்தில் இந்தக் காட்சியை நான் எழுதினால், 'மிகைப்படுத்துகிறான்' என்பார்கள். வரலாறு அஞ்சாமல் எழுதியிருக்கிறது.

சிறையிலிருந்து வெளிவந்த ட்ரம்போவுக்கு வயிறு இருந்தது, குடும்பம் இருந்தது, பேனா இருந்தது. பெயர் மட்டும் இல்லை. முதலாளிகளுக்கோ அவர் பேனா வேண்டும், பெயர் வேண்டாம். பிறந்தது கள்ளச் சந்தை! முன்பு கிடைத்த கூலியில் சிறு பங்கைக் கொடுத்து, புனைபெயரிலே எழுதி வாங்கினர். நாட்டுப்பற்றின் பெயரால் தடை விதித்தவர்களுக்குக் கூலியும் குறைந்தது, ஆதாயமும் மிகுந்தது. தடை எழுத்தைத் தடுக்கவில்லை; எழுதியவனின் விலையை மட்டும் குறைத்தது. கொள்கைத் தடை என்று பேசப்படும் இடங்களில் கொஞ்சம் குனிந்து பார், கணக்குப் புத்தகம் கிடக்கும்.

அப்படி எழுதியதுதான் 'தி பிரேவ் ஒன்'. மெக்சிகோ நாட்டுச் சிறுவன் ஒருவன், தான் வளர்த்த காளையைக் காளைச்சண்டைக் களத்துக்குப் பறிகொடுக்கிறான். களத்திலே அது காட்டும் வீரங்கண்டு, 'கொல்லாதே, விட்டுவிடு' என்று கூட்டம் குரல் கொடுக்க, காளை பிழைக்கிறது. தன் கதையைத்தான் எழுதினாரோ என்னவோ! ஆனால் அவருக்காகக் குரல் கொடுக்க அந்த அரங்கத்திலே கூட்டம் இல்லை.

அதற்கும் மூன்று ஆண்டு முன்னரே இப்படி ஒன்று நடந்திருந்தது. 'ரோமன் ஹாலிடே' படத்தை நீ பார்த்திருக்கலாம். தூதரக மாளிகையிலிருந்து நழுவி ரோம் நகரில் ஒரு நாள் சுதந்தரமாகச் சுற்றும் இளவரசியாக ஆட்ரி ஹெப்பர்ன் நடித்த படம். 1954-இல் அதன் கதைக்கு ஆஸ்கார் கிடைத்தது. பெற்றவர் இயன் மெக்லெலன் ஹன்டர். எழுதியவர் ட்ரம்போ. ஹன்டரைத் திட்டாதே, தம்பி. அவர் திருடர் அல்லர், நண்பர். வேலை பறிபோன தோழனுக்குத் தம் பெயரை இரவலாகத் தந்தார். கிடைத்த பணத்தை அவரிடம் சேர்த்தார். பின்னர் தாமும் கறுப்புப் பட்டியலில் வீழ்ந்தார். பரிசு பெற்றவனுக்கு வெட்கம், உரியவனுக்கு ஏக்கம், நட்பு இருவருக்கும் சுமை. அநீதி நல்லவர்களைக்கூட எந்த நிலையிலே நிறுத்துகிறது பார்!

1957 பிப்ரவரியில் பரிசு வழங்கும் அகாதெமியே தன் சட்டத்தில் ஒரு விதியை எழுதிக்கொண்டது. கட்சி உறுப்பினராக இருந்து விலகாதவரும், குழுவின் முன் விடை சொல்ல மறுத்தவரும் பரிசுக்குத் தகுதியற்றவர் என்று! அந்த ஆண்டு 'ஃபிரண்ட்லி பர்சுவேஷன்' என்ற படத்தின் திரைக்கதை போட்டிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. எழுதிய மைக்கேல் வில்சனோ விலக்கப்பட்டார். படத்தின் பெயர் பட்டியலிலும் திரைக்கதை ஆசிரியர் பெயரே கிடையாது. கொல்லாமையைப் போற்றும் குவேக்கர் குடும்பத்தின் கதை, தானே முளைத்துத் தானே வளர்ந்து திரைக்கு வந்துவிட்டதாம்! அந்த விதி பிறந்த மறுமாதம்தான், அதை நகைப்பது போல் ராபர்ட் ரிச் வென்றார்.

அடுத்த ஆண்டு, 1958. 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' ஏழு ஆஸ்கார்களை அள்ளியது. திரைக்கதைக்கான பரிசு, மூல நாவலை எழுதிய பியர் பூலுக்கு அளிக்கப்பட்டது. அவர் பிரெஞ்சுக்காரர்; பிரெஞ்சில் எழுதுபவர். ஆங்கிலத் திரைக்கதையிலே ஒரு வரிகூட அவர் எழுதியதன்று. எழுதியவர்கள் மைக்கேல் வில்சனும் கார்ல் ஃபோர்மனும். இருவரும் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். 'எழுதியவர் பெயரைச் சொல்லக்கூடாது. எவருடைய பெயரையாவது சொல்லியாக வேண்டும். புத்தகத்தின் மேலட்டையில் ஒரு பெயர் இருக்கிறது, அதைப் போடு!' இதுதான் நடந்தது.

இந்தப் படத்தைப் பற்றி நமக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. படம் பிடிக்கப்பட்டது இலங்கையிலே, கித்துல்கல என்ற இடத்தில், களனி ஆற்றங்கரையில். கதை நடப்பதோ சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் இரயில் பாதையில். 1942-43-இல் அந்தப் பாதையைப் போட்டவர்களில் 12,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் மாண்டனர். அதைவிடப் பன்மடங்கு மாண்டவர்கள் ஆசியக் கூலிகள். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட நம் தமிழர்கள் அவர்களிலே ஆயிரமாயிரம். போர்க்கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டம் உண்டு, கல்லிலே பெயர் உண்டு. கூலித் தமிழனுக்கு? காட்டிலே குழி, கணக்கிலே ஒரு குத்துமதிப்பு. படத்திலே அவன் கதையும் இல்லை. பாலம் கட்டியவன் பெயர் படத்தில் இல்லை. படம் எழுதியவன் பெயர் பரிசில் இல்லை. சிந்திய இரத்தத்தையும் மையையும் ஒன்றென்று நான் கூறவில்லை. உழைப்பை எடுத்துக்கொண்டு பெயரைத் துடைத்துவிடும் வழக்கம், இரு இடத்திலும் ஒன்றே என்கிறேன்.

'அந்த நாட்டுக்கு அந்த நேரத்தில் ஆபத்து இருந்ததல்லவா? நாட்டைக் காக்க ஓர் அரசு கடுமை காட்டுவது தவறா?' என்று ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும், விடை சொல்வோம். உளவு பார்த்தவனைத் தண்டி, சட்டம் இருக்கிறது. இளவரசி கதை எழுதியவனும் காளைக்கன்றுக் கதை எழுதியவனும் எந்தக் கோட்டையைக் காட்டிக்கொடுத்தனர்? எழுத்து ஆபத்தானது என்றால் பரிசு தருவானேன்? எழுத்து உயர்ந்தது என்றால் எழுதியவனை மறைப்பானேன்? இந்த இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே விடை எவராலும் சொல்ல முடியவில்லை.

இனி, நம் பக்கத்துத் தராசையும் சோதித்துக்கொள்வோம். எலியா கசான் என்ற இயக்குநர் 1952-இல் அந்தக் குழுவின் முன் சென்று, பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்னவர். 1955-இல் அவருடைய 'ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்' எட்டு ஆஸ்கார் பெற்றது. 1999-இல் வாழ்நாள் சிறப்புப் பரிசு தந்தபோது, அரங்கிலே சிலர் எழாமலும் கைதட்டாமலும் அமர்ந்திருந்தனர். அவர் செய்ததை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் 1955-இல் அந்தப் படத்துக்குத் தந்த பரிசு தவறு என்று என்னால் சொல்ல முடியாது. படம் பெரும் படம். ட்ரம்போவின் எழுத்தை ட்ரம்போவின் கட்சியைக் கொண்டு எடைபோடாதே என்று வாதாடும் நாம், கசானின் படத்தைக் கசானின் சாட்சியத்தால் எடைபோடலாமா? தராசு ஒன்றுதான் இருக்க வேண்டும்.

மற்றொன்றும் கேள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் ஆல்பர்ட் மால்ட்ஸ். 1946-இல், எழுத்தாளனை அவன் எழுத்தைக் கொண்டு அளக்க வேண்டும், அரசியல் கட்டளையைக் கொண்டு அளக்கலாகாது என்று ஒரு கட்டுரை எழுதினார். பாய்ந்தவர் யார்? அவருடைய கட்சிக்காரர்களே! சில வாரங்களில், தாம் எழுதியது தவறென்று அவரே எழுதும்படி ஆயிற்று. அடுத்த ஆண்டு அரசு அவரைக் கூண்டில் ஏற்றியது. ஒரே மனிதன், ஒரே பேனா. இரண்டு பக்கத்தாரும் அதை முறிக்கப் பார்த்தனர். கட்சிக்காரர்களாகிய நாம் இதை இருமுறை படிக்க வேண்டும்.

பொய் பெருத்தால் வெடிக்கும். 'தி டிஃபையன்ட் ஒன்ஸ்' என்றொரு படம், 1958-இல் வந்தது. எழுதிய இருவரில் ஒருவரான நெட்ரிக் யங் தடை செய்யப்பட்டவர். புனைபெயரில் எழுதினார். படத் தொடக்கத்திலே லாரி ஓட்டிச்செல்லும் இருவராக எழுத்தாளர்கள் இருவரும் நடித்தனர். 'எழுதியவர்கள்' என்ற எழுத்துகள் அவர்கள் முகத்தின் மேலேயே தோன்றின. பெயரை மறைத்தாய், முகத்தை என்ன செய்வாய்? 1959 ஜனவரியில் அகாதெமி தன் விதியை நீக்கியது. 'தி பிரேவ் ஒன்' தம்முடையதே என்று ட்ரம்போ வெளிப்படையாக அறிவித்தார். 1960-இல் 'எக்ஸோடஸ்', 'ஸ்பார்ட்டகஸ்' இரண்டிலும் அவர் சொந்தப் பெயர் திரையிலே ஒளிர்ந்தது. அடிமைகள் கிளர்ந்தெழும் கதைக்கு, பதின்மூன்று ஆண்டு பெயரிழந்தவன் பெயர்!

பரிசுகள்? 'தி பிரேவ் ஒன்' சிலை 1975-இல், நோயாளியாக இருந்த ட்ரம்போவின் கைக்கு வந்தது. மறு ஆண்டு மறைந்தார். 'க்வாய்' பரிசு 1985-இல் வந்தபோது வில்சனும் இல்லை, ஃபோர்மனும் இல்லை, துணைவியர் பெற்றுக்கொண்டனர். 'ரோமன் ஹாலிடே' பரிசு 1993-இல் ட்ரம்போவின் துணைவியார் கைக்குச் சென்றது. திரைக்கதைக்குரிய பெயரை எழுத்தாளர் சங்கம் முறையாகத் திருப்பித் தந்தது 2011-இல். செலுத்திவிட்டோம் கடனை என்றனர். செத்தவன் வீட்டுத் திண்ணையில் வைத்த கடன்!

தம்பி, இதை எழுதும்போது என் நெஞ்சு இரு இடத்தில் குத்துகிறது. கல்லூரியை விட்டு வந்த காலத்தில், ஒரு நாடகக் குழுவுக்கு மூன்று இரவு கண்விழித்து நீதிமன்றக் காட்சி ஒன்றை எழுதித் தந்தேன். சுவரொட்டியிலே வேறொருவர் பெயர். அரங்கேற்றத்தன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கைதட்டல் எழுந்தது. பக்கத்திலிருந்தவர், 'எவ்வளவு அருமையாக எழுதியிருக்கிறார் பாருங்கள்' என்றார். 'ஆமாம்' என்று தலையாட்டினேன். அது முதற்குத்து. அந்தக் கதையைப் பல மேடையில் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

இரண்டாவதை எந்த மேடையிலும் சொன்னதில்லை. சென்ற ஆண்டு ஒரு நாடகப் போட்டியில் நடுவர் மூவருள் ஒருவனாக இருந்தேன். எல்லாவற்றினும் சிறந்த நாடகத்தை எழுதிய இளைஞன், மாற்றுக் கட்சி மேடைகளில் நம்மைத் தாக்கிப் பேசுபவன். அது தெரிந்ததும் என் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு, 'நடையில் முதிர்ச்சி போதாது' என்று எழுதி, அவனை இரண்டாமிடத்தில் வைத்தேன். நடையில் குறை ஏதும் இல்லை, தம்பி. குறை என்னிடம் இருந்தது. அந்த இளைஞன் வணக்கம் கூறி இரண்டாம் பரிசைப் பெற்றுக்கொண்டு போனான். அகாதெமிக்காவது எழுதப்பட்ட விதி இருந்தது. எனக்கு அதுகூட இல்லை.

போட்டி நடத்தியவர்களுக்கு நேற்று மடல் எழுதிவிட்டேன்: முதற்பரிசு அவனுக்குரியது, என் மதிப்பெண் தவறு, தவறென்று தெரிந்தே இட்டது. அவர்கள் என்ன செய்வார்களோ, அறியேன். பதினெட்டு ஆண்டு கழித்து அவன் வீட்டுத் திண்ணையில் சிலையோடு நிற்பதைவிட, இன்று உன் முன்னே தலைகுனிந்து நிற்பது எளிது.

நாளை உன் ஊரிலும் போட்டி நடக்கும். கவிதைக்கும் கதைக்கும் நாடகத்துக்கும் நீ நடுவனாக அமர்வாய். நாட்டுக்கே பரிசு வழங்கும் இடத்திலே உன்னைப் போன்றோர் அமரும் நாளும் வரும். அப்போது எழுத்தை முதலில் படி. எழுதியவனின் கொடி என்ன நிறம் என்று பிறகு பார். பார்த்த பின் மதிப்பெண்ணைத் திருத்தாதே. அவனோடு மோத வேண்டுமா? மேடை இருக்கிறது, ஏறு. வாதம் இருக்கிறது, வீசு. அவனுக்கு உரிய பரிசை அவன் கையிலே கொடுத்துவிட்டு மோது!